ஒரே உருகுநிலை, ஒரே கொதிநிலை, ஆனாலும் இரண்டு பொருள்கள்

மதுரைத் தெப்பக்குளத்துக்கு அருகில் நான் நடத்தும் மாலை வகுப்பில், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரு மூலக்கூறுகளைப் பற்றிப் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இந்தப் பதிவுக்குக் காரணம். "மிஸ், உருகுநிலை ஒண்ணு, கொதிநிலை ஒண்ணு, அடர்த்தி ஒண்ணு, தண்ணியில கரையிற அளவும் ஒண்ணு. அப்புறம் எதுக்கு மிஸ் அதை ரெண்டு பொருள்னு படிக்கணும்?" கைடு புத்தகத்தில் இதற்கு ஒரே வரியில் விடை இருக்கிறது: ஒன்று தள முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்புறமாகச் சுழற்றும், மற்றது இடப்புறமாகச் சுழற்றும். விடை சரிதான், ஆனால் அதைப் படித்து முடித்த மாணவிக்குக் கேள்வி தீராது, இன்னொரு கேள்வி முளைக்கும். ஒளிக்கு மட்டும் தெரிகிற அந்த வேறுபாடு வெப்பமானிக்கு ஏன் தெரிவதில்லை? மூலக்கூறில் அணுக்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைப் படிக்கும் புறவெளி வேதியியல் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது என்பது என் கருத்து. வகுப்பில் நேரம் போதாமல் விட்டதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்ட வெவ்வேறு சேர்மங்களே மாற்றியங்கள். அவற்றின் எளிய வகையை எல்லோரும் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு கார்பனும் பத்து ஹைட்ரஜனும் கொண்ட மூலக்கூறை இரண்டு விதமாகக் கட்டலாம். கார்பன்களை ஒரே சங்கிலியாகக் கோத்தால் பியூட்டேன், கிளை விட்டுக் கோத்தால் ஐசோபியூட்டேன். முன்னது 0 டிகிரி செல்சியஸை ஒட்டியும் பின்னது மைனஸ் 12 டிகிரியை ஒட்டியும் கொதிக்கும். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் புரோப்பேனுடன் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. எந்த அணு எந்த அணுவோடு பிணைந்திருக்கிறது என்பதே இங்கு மாறிவிடுவதால் பண்புகள் மாறுவதில் வியப்பில்லை. இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

சிக்கல் புறவெளி மாற்றியத்தில் தொடங்குகிறது. அங்கே பிணைப்புகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. அணுக்கள் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்பது மட்டுமே மாறுகிறது. திசையைத் தட்டையான தாளில் காட்ட முடியாததால் பாடநூல் தடித்த ஆப்புக் கோடும் புள்ளிக் கோடும் போட்டுச் சமாளிக்கிறது. மாணவர்களின் கண்ணுக்கோ அது ஒரு கூட்டல் குறி. நான்கு பிணைப்பும் ஒரே தளத்தில் 90 டிகிரி இடைவெளியில் கிடப்பதாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 109.5 டிகிரி கோணத்தில் விரிந்திருக்கின்றன. இந்தப் பாடத்தில் தடுமாறுகிறவர்களுள் பெரும்பாலோர் நினைவாற்றல் குறைந்தவர்கள் அல்லர். மூலக்கூறைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்கள்.

ஆகவே என் வகுப்பில் கரும்பலகைக்கு முன்பே களிமண் வந்துவிடும். நடுவில் ஓர் உருண்டை. அதில் ஒரே நீளத்தில் ஒடித்த நான்கு தென்னை ஈர்க்குகள். அவற்றின் நுனியில் நான்கு சிற்றுருண்டைகள். ஒன்றைக் குங்குமத்திலும், ஒன்றைக் கரித்தூளிலும், ஒன்றை மஞ்சள்தூளிலும், ஒன்றைத் திருநீற்றிலும் புரட்டி எடுக்கச் சொல்வேன். லாக்டிக் அமிலம் என்று வைத்துக்கொண்டால் குங்குமம் ஹைட்ராக்சில் தொகுதி, கரி கார்பாக்சில் தொகுதி, மஞ்சள் மெத்தில் தொகுதி, திருநீறு ஹைட்ரஜன். ஒன்றைச் செய்து கண்ணாடி முன் நிறுத்தி, கண்ணாடிக்குள் தெரிவதைப் பார்த்து இரண்டாவதைச் செய்ய வேண்டும். பிறகு அந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். குங்குமத்தையும் கரியையும் பொருத்தினால் மஞ்சளும் திருநீறும் இடம் மாறி நிற்கும். மஞ்சளையும் திருநீற்றையும் சரிசெய்தால் குங்குமமும் கரியும் இடம் மாறும். எப்படித் திருப்பினாலும் நான்கும் ஒருசேரப் பொருந்தாது. ஏதாவது இரண்டு உருண்டைகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். இன்னொரு முறை இரண்டை மாற்றினால் பழைய வடிவமே திரும்பிவிடும். இதைத் தன் கையால் செய்து பார்த்தவர்கள் தேர்வில், மூலக்கூறைத் தாளில் குறுக்கு நெடுக்குக் கோடுகளாக வரையும் ஃபிஷர் வீழல் வாய்பாட்டை எத்தனை முறை திருப்பிக் கொடுத்தாலும் மிரள்வதில்லை.

ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத இந்தத் தன்மையையே கைரல் என்கிறோம். பாண்டி நாட்டுக் கடற்கரைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அன்று; இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் கிடைக்கும் சங்குகளில் ஏறக்குறைய அனைத்தும் இடம்புரி, எப்போதோ ஒன்று வலம்புரி. அந்த ஒன்று எடையிலும் கடினத்திலும் வெண்மையிலும் மற்றவற்றைப் போன்றதே. சுழல் மட்டும் எதிர்த்திசையில் செல்லும். நாம் வலம்புரி என்பதை விலங்கியல் நூல்கள் இடச்சுழல் ஓடு என்கின்றன. சங்கின் எந்த முனையை மேலே பிடித்துப் பார்ப்பது என்ற வழக்கம் அவர்களுக்கும் நமக்கும் வேறு, அவ்வளவுதான். சங்கு மாறவில்லை, பிடித்த விதம் மாறியிருக்கிறது. மூலக்கூறுகளுக்குப் பெயர் சூட்டும்போதும் இதே குழப்பம் எழும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். களிமண் உருவங்கள் இரண்டிலும் எந்த இரு உருண்டைகளுக்கு இடையிலும் நூல் பிடித்து அளந்து பாருங்கள்; குங்குமத்திலிருந்து மஞ்சளுக்கு உள்ள தொலைவு முதல் உருவத்தில் எவ்வளவோ அதே அளவுதான் இரண்டாவதிலும். ஆடிப் பிம்பத்தில் திசை புரளுமே தவிர தொலைவு மாறாது. கோணமும் மாறாது. மூலக்கூறின் ஆற்றலை இந்தத் தொலைவுகளும் கோணங்களுமே தீர்மானிக்கின்றன. தன் இனத்து மூலக்கூறுகளோடு நெருங்கிப் படிகமாவதற்கும், பிரிந்து ஆவியாவதற்கும், தண்ணீர் போன்ற கைரல் அல்லாத கரைப்பானில் கரைவதற்கும் ஆகும் ஆற்றலும் ஆகவே இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். வெப்பமானிக்கு வலம் இடம் தெரியாது, தராசுக்கும் தெரியாது. தானும் கைரலான வேறொன்று எதிரில் வந்து நின்றால்தான் அந்த வேறுபாடு வெளிப்படும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் எஞ்சிய பகுதிகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

முதலில் ஒளி. தள முனைவுற்ற ஒளி ஒரு தளத்தில் அதிர்வது; அதில் வலம் இடம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அந்த ஒளி, வலமாகச் சுழலும் கூறும் இடமாகச் சுழலும் கூறும் சம அளவில் சேர்ந்தது என்று பிரெனல் விளக்கினார். கைரல் மூலக்கூறுகள் நிறைந்த கரைசலில் அந்த இரு கூறுகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆகவே வெளியே வந்து மீண்டும் சேரும்போது அதிர்வுத் தளம் சற்றுத் திரும்பியிருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில், இந்தத் திருப்பத்தை அளக்கும் முனைவுமானியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சோடியம் விளக்கு சூடேறி முழு மஞ்சளாக எரியும் வரை காத்திருக்க வேண்டும், கண்ணருகு வில்லையில் தெரியும் வட்டத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி இருட்டாகவும் இருக்கும், குமிழை மெல்லத் திருப்பி இரண்டு பாதியும் ஒரே மங்கலாகும் இடத்தில் அளவை வாசிக்க வேண்டும். 100 மில்லி கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருக்குமாறு கரைத்து 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றினால் ஏறத்தாழ 13.3 டிகிரி வலப்புறமாகத் திரும்பும். அலங்காநல்லூர்க் கரும்பிலிருந்து எடுத்ததானாலும் ஐரோப்பியக் கிழங்கிலிருந்து எடுத்ததானாலும் அளவு இதுவே.

அதே கரைசலில் சிறிது அமிலம் விட்டுச் சூடாக்கினால் முள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, சுழியைக் கடந்து, இடப்புறம் போய்விடும். சர்க்கரை உடைந்து குளுக்கோசும் ஃபிரக்டோசும் சம அளவில் உருவாகின்றன. செறிவையும் குழாயின் நீளத்தையும் ஒரே அளவாக்கிச் சொல்லும் சுழற்சியை நியமச் சுழற்சி என்பார்கள்; வலம் கூட்டல், இடம் கழித்தல். குளுக்கோசின் நியமச் சுழற்சி கூட்டல் 52.7, ஃபிரக்டோசின் நியமச் சுழற்சி கழித்தல் 92. இரண்டின் சராசரி கழித்தல் 20-ஐ ஒட்டி நிற்கிறது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிவதும் இதே வினைதான். பாகில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி இப்படி உடைந்துவிடுவதால் ஆறிய பிறகும் பாகு பூத்துக் கற்கண்டாவதில்லை. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூலக்கூறின் வடிவத்தை டி, எல் என்று பிரிக்கும் பழைய வழக்கப்படி குளுக்கோசும் டி வகை, ஃபிரக்டோசும் டி வகை. ஆனால் ஒன்று ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் சுழற்றுகிறது. டி என்ற எழுத்துக்கும் சுழற்சித் திசைக்கும் எந்த உறவும் இல்லை.

இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புளியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நத்தம், உசிலம்பட்டிச் சாலைகளில் நிழல் தரும் அந்த மரத்தின் பழத்தில் உள்ள புளிப்புக்கு முதன்மைக் காரணம் டார்டாரிக் அமிலம். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையில் உள்ளதும் இதே அமிலம், வல இட இணையில் இதே வடிவம், அதாவது இதே கைவகை. இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒளியை வலமாகச் சுழற்றுவதால் கூட்டல் குறி. கிளிசரால்டிஹைடு என்ற எளிய சேர்மத்தோடு ஒப்பிட்டு வகைப்படுத்தியதில் எல். கான், இன்கோல்ட், பிரிலாக் ஆகிய மூவரின் விதிப்படி இரண்டு கைரல் கார்பன்களும் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் பிணைந்த கார்பன்கள்) ஆர். கூட்டல் குறி ஆய்வகத்தில் அளந்து அறிவது; எல் என்பது பழைய ஒப்பீடு; ஆர் என்பது அணு எண்ணின் வரிசைப்படி மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்துச் சொல்வது. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. ஆர் என்றால் வலஞ்சுழி என்று எழுதிவிட்டு மதிப்பெண் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இந்த ஒரு புளியை நினைத்துக்கொண்டாலே போதும்.

களிமண் உருவத்தில் ஆர், எஸ் பார்ப்பதும் எளிது. முன்னுரிமையில் கடைசியான திருநீற்று உருண்டை கண்ணுக்கு அப்பால் இருக்குமாறு பிடித்துக்கொண்டு, குங்குமத்திலிருந்து கரிக்கும் அங்கிருந்து மஞ்சளுக்கும் பார்வையை நகர்த்த வேண்டும். கடிகாரத் திசையில் சென்றால் ஆர், எதிர்த்திசையில் சென்றால் எஸ். ஓடிக் களைக்கும்போது நம் தசையில் சேரும் லாக்டிக் அமிலம் எஸ் வகை.

டார்டாரிக் அமிலத்துக்கு வேதியியல் வரலாற்றிலும் தனி இடம் உண்டு. திராட்சை மது தயாரிப்பில் கிடைத்த அமிலம் ஒளியைச் சுழற்றியது; அதே இயைபு கொண்ட மற்றோர் அமிலம் சுழற்றவில்லை. 1848-இல், 25 வயதான லூயி பாஸ்டர், சுழற்றாத அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் இருந்த சிறு முகம் சிலவற்றில் வலப்புறம் சாய்ந்தும் சிலவற்றில் இடப்புறம் சாய்ந்தும் இருந்தது. அவற்றைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கித் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலமாகவும் மற்றது அதே அளவுக்கு இடமாகவும் சுழற்றின. சம அளவில் கலந்தபோது சுழற்சி மறைந்தது. சுழிமாய்க் கலவை என்று நாம் படிப்பது இதைத்தான். கரிமப் பொருள்கள் ஒளியைச் சுழற்றுவதை 1815-இலேயே கண்டறிந்திருந்த முதியவர் பியோ இதை நம்பாமல், தன் முன்னிலையில், தான் கொடுத்த வேதிப்பொருள்களைக் கொண்டே அந்த இளைஞரை மீண்டும் செய்து காட்டவைத்த பிறகே ஏற்றுக்கொண்டார்.

பாஸ்டருக்குப் பருவநிலையும் துணைநின்றது. அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிகமானால்தான் வலமும் இடமும் தனித்தனிப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேலே இரண்டும் ஒரே படிகத்துக்குள் இணைந்துவிடும். பாரிஸ் நகரின் குளிரில் அது நடந்தது. சித்திரைத் திருவிழாக் காலத்து மதுரையில் அவர் தட்டை வைத்திருந்தால் பொறுக்குவதற்கு இரண்டு வகை இருந்திருக்காது. தவிரவும், பெரும்பாலான சுழிமாய்ச் சேர்மங்கள் எந்த வெப்பநிலையிலும் இப்படிப் பிரிவதில்லை.

வல அமிலமும் இட அமிலமும் தனித்தனியே 170 டிகிரியை ஒட்டி உருகும்; இரண்டும் சம அளவில் இணைந்த படிகமோ 206 டிகிரியில்தான் உருகும். உருகுநிலைக்கு வலம் இடம் தெரியாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் அன்று. வல மூலக்கூறு வல மூலக்கூறோடு அடுக்கிக்கொள்வது வேறு, இட மூலக்கூறோடு அடுக்கிக்கொள்வது வேறு. எதிரில் நிற்பது தானும் கைரல் என்பதால் இங்கும் வேறுபாடு தெரிந்துவிடுகிறது. இதே அமிலத்துக்கு மீசோ என்ற மூன்றாவது வடிவமும் இருக்கிறது. அதில் ஒரு கார்பன் ஆர், மற்றது எஸ். மூலக்கூறின் ஒரு பாதி மறுபாதியின் ஆடிப் பிம்பமாக இருப்பதால் முழு மூலக்கூறு கைரல் ஆகாது. கைரல் கார்பன் இரண்டு இருந்தால் நான்கு மாற்றியங்கள் என்று கைடு சொல்லும் கணக்கு இங்கே மூன்றில் நின்றுவிடும். நீட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வாய்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு முன்பு மூலக்கூறின் இரு பாதிகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

பாஸ்டரே பின்னர் இன்னொன்றையும் கண்டார். சுழிமாய் அமிலத்தின் அம்மோனியம் உப்புக் கரைசலில் பச்சைப் பூஞ்சை வளர்ந்தபோது அது வல வடிவத்தை உண்டு இட வடிவத்தை விட்டுவைத்தது. உயிருள்ளவை தாமே ஒரு கைவகையைச் சேர்ந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் வேறில்லை. ஆனால் காரணம் சொல்லும் நிலை 1874-இல்தான் வந்தது. 22 வயது வான்ட் ஹாஃபும், அவரிடமிருந்து தனித்து இயங்கிய லெ பெல்லும், கார்பனின் பிணைப்புகள் நான்முகியின் மூலைகளை நோக்குகின்றன என்று ஒரே ஆண்டில் எழுதினார்கள். உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்த வான்ட் ஹாஃபை, செல்வாக்கு மிக்க வேதியியலர் கோல்பே 1877-இல் கடுமையாக எள்ளி எழுதினார். முதல் வேதியியல் நோபல் பரிசு 1901-இல் வான்ட் ஹாஃபுக்கே கிடைத்தது. அந்தப் பரிசு கரைசல்கள் பற்றிய வேறு ஆய்வுக்காக வழங்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து மூக்கு. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். காய்கறிக் கடையில் ஒரு கட்டுப் புதினா வாங்கிக்கொள்ளுங்கள். சதகுப்பையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரின் வாசனை வரும். புதினாவின் வாசனையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலும் கார்வோன் என்ற ஒரே சேர்மம் இருக்கிறது. இரண்டும் 231 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். புதினாவில் உள்ளது ஆர் வடிவம், சதகுப்பையில் உள்ளது எஸ் வடிவம். இலையிலும் விதையிலும் வேறு எண்ணெய்களும் கலந்திருப்பதால் வாசனை வேறுபாடு அவற்றால் வந்ததாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. 1971-இல் தூய்மைப்படுத்திய இரு வடிவங்களையும் ஒப்பிட்டு முகர்ந்து பார்த்து, வேறுபாடு கார்வோனுக்கே உரியது என்று உறுதிசெய்தார்கள். எல்லா ஆடிப் பிம்ப இணைகளும் இப்படி வேறாக மணப்பதில்லை. மூக்கின் எந்த ஏற்பி எதைப் பற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது.

அந்த ஏற்பிகள் ஏன் கைரல்? அவை புரதங்கள், நம் உடலின் புரதங்கள் எல் வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்டவை. கிளைசின் மட்டும் கைரல் அல்லாதது. இவ்விடத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவரது குழுவினரும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை நினைவூட்டாமல் போக மனம் வரவில்லை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் முறுக்கிக்கொள்ள இடமுண்டு, எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது. எல் அமினோ அமிலங்களுக்கு அந்த வரைபடம் ஒரு பக்கமாகவே நிரம்புகிறது. கிளைசினுக்கு மட்டும் இரு பக்கமும் சமச்சீராக விரிகிறது. ஒரே ஒரு கார்பனின் கைவகை புரதத்தின் முழு வடிவத்தையும் எப்படி ஒரு பக்கம் சாய்க்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் அவர் பெயராலேயே அதைப் படிக்கிறார்கள். நம் பள்ளி மாணவர்கள் பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

வச அமைப்புகளைப் பற்றி இரண்டு வரி போதும். ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திரும்புவதால் வரும் வடிவங்கள் அறை வெப்பத்தில் நொடிக்குப் பலகோடி முறை ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருப்பவை. புட்டியில் தனித்தனியாகப் பிரித்து வைக்க இயலாது என்பதால் அவற்றை மாற்றியங்களின் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்தத் திருகல் நின்றுவிடும். தொகுதிகள் ஒரே பக்கம் நிற்கும் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் டிரான்ஸ் என இரண்டு வடிவங்கள் பிரிந்து நிற்கும். இவையும் புறவெளி மாற்றியங்களே, ஆனால் ஆடிப் பிம்பங்கள் அல்ல. அணுக்களுக்கு இடையிலான தொலைவே இவற்றில் மாறிவிடுவதால் வேறுபாடு தெரிவதற்கு எதிரில் ஒரு கைரல் பொருள் வர வேண்டியதில்லை, வெப்பமானியே சொல்லிவிடும். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் சிஸ் வடிவம், சங்கிலி நடுவில் வளைந்திருக்கும்; நெருங்கி அடுக்க இயலாததால் 13 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதன் டிரான்ஸ் வடிவமான எலய்டிக் அமிலம் நிமிர்ந்த சங்கிலி. உருகுவதற்கு ஏறத்தாழ 45 டிகிரி வேண்டும். எண்ணெயை நிக்கல் துணையோடு பாதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்து வனஸ்பதி ஆக்கும்போது சிஸ் பிணைப்புகளில் ஒரு பங்கு டிரான்ஸ் ஆகிவிடுகிறது. இதயத்துக்குக் கேடு என்பதால் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவின் மேல் டிரான்ஸ் கொழுப்பு என்று அச்சிட்டிருப்பதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு. பாடத்தின் சொல் ஒன்று சமையலறை அலமாரியில் அப்படியே கிடைப்பது அரிது.

மருந்துக் கடையில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. தும்மலுக்குக் கொடுக்கும் செட்ரிசின் 10 மில்லிகிராம்; லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம். எஸ் அம்லோடிபின் 2.5 மில்லிகிராம். இரண்டு இணைகளிலும் முன்னது சுழிமாய்க் கலவை; பின்னது வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது; ஆகவேதான் அளவும் பாதி. மாத்திரை அளவு குறைந்துவிட்டது, நோய் குறைந்துவிட்டது போலும் என்று பெரியவர்கள் மகிழ்வதையும், மருந்தின் வீரியம் போதாது என்று இரண்டாக விழுங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டுமே ஆபத்து. எதையும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒற்றை வடிவம் என்பதாலேயே மருந்து பன்மடங்கு உயர்ந்துவிடும் என்ற விளம்பரத் தொனியையும் நான் ஏற்பதில்லை. சில மருந்துகளில் எஞ்சிய பாதி பக்கவிளைவைத் தரும். சிலவற்றில் சும்மா இருக்கும். வலி மாத்திரையான ஐபுபுரோஃபெனில் வேலை செய்யாத ஆர் வடிவத்தின் பெரும்பகுதியை உடலே எஸ் வடிவமாக மாற்றிக்கொள்ளும்.

தாலிடோமைடு கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத குழந்தைகள் உலகெங்கும் 10,000-க்கும் மேல் பிறக்கக் காரணமாகி, 1961 இறுதியில் அங்கு திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்ததால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது. ஒரு வடிவம் நல்லது, மற்றது கெட்டது, பிரித்து விற்றிருந்தால் அந்தக் கொடுமை நேர்ந்திருக்காது என்று கைடுகள் முடித்துவிடுகின்றன. அது சரியன்று. தாலிடோமைடின் கைரல் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்று மீண்டும் ஒட்டிக்கொள்ளக் கூடியது; ஒட்டும்போது எந்தப் பக்கமும் ஒட்டலாம். நல்ல வடிவத்தை மட்டும் விழுங்கினாலும் சில மணி நேரத்துக்குள் உடலுக்குள்ளேயே இரண்டும் கலந்த நிலை வந்துவிடும். தொழுநோயில் வரும் ஒருவகைக் கடும் தோல் அழற்சிக்கு 1998-இல் அமெரிக்காவில் இதே மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கருவுறும் வாய்ப்புள்ளவர்களுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடுகளுடன்.

இரண்டு வடிவங்களின் எல்லாப் பண்புகளும் ஒன்றாக இருக்கும்போது தொழிற்சாலையில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது மாணவர்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, எவரும் கேட்பதில்லை. சாமணம் உதவாது. வாலை வடித்தாலும் வடிகட்டினாலும் பயனில்லை. ஒரு கைரல் பொருளை எதிரில் நிறுத்துவதே வழி. இங்கே மீண்டும் டார்டாரிக் அமிலம் வருகிறது. பிரிக்க வேண்டியது காரத்தன்மை கொண்ட அமைன் என்றால் அதன் சுழிமாய்க் கலவையோடு இந்த அமிலத்தின் ஒரே ஒரு கைவகையைச் சேர்ப்பார்கள். வல அமைனோடு வல அமிலம் சேர்ந்த உப்பும், இட அமைனோடு வல அமிலம் சேர்ந்த உப்பும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பங்கள் அல்ல. ஆகவே தொலைவுகள் வேறு, கரைதிறனும் வேறு. தகுந்த கரைப்பானில் ஒன்று படிகமாகி அடியில் இறங்கும், மற்றது கரைசலிலேயே நிற்கும். வடிகட்டி எடுத்த உப்பில் காரம் சேர்த்தால் அமைன் தனியே வந்துவிடும். அமிலத்தை மீட்டு அடுத்த தொகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். அம்லோடிபினைப் பிரிப்பதற்கும் டார்டாரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறை உண்டு.

இதில் உள்ள குறை, வேண்டாத பாதியையும் செலவழித்துத் தயாரித்தாக வேண்டும் என்பது. விளைச்சல் 50 விழுக்காட்டைத் தாண்டாது. தொடக்கத்திலேயே ஒரு வடிவத்தை மட்டும் உண்டாக்கும் கைரல் வினையூக்கிகளுக்காக நோல்ஸ், நோயோரி, ஷார்ப்லெஸ் ஆகிய மூவருக்கு 2001-இலும், உலோகமே இல்லாத சிறு கரிம மூலக்கூறுகளால் அதைச் சாதித்ததற்காக லிஸ்ட், மெக்மில்லன் இருவருக்கு 2021-இலும் நோபல் பரிசு கிடைத்தது. லிஸ்ட் தன் தொடக்க ஆய்வில் பயன்படுத்தியது புரோலின். நம் உடல் புரதங்களிலும் உள்ள சாதாரண எல் வகை அமினோ அமிலம்.